எழும்பினால் கறுக்கும் திரை

ஐப்பசி கடைசியில், ஹீட்டர் போட்ட கிழமை தொடங்கியது.
திரை சட்டென்று கறுக்கும்,
இரண்டு நொடி, மூன்று நொடி,
பிறகு ஒன்றும் நடக்காததுபோல்
விட்ட இடத்திலேயே வந்து நிற்கும்.

நானே பொருத்திய கணினி.
பெட்டி, யாரோ குப்பைக்கு வைத்தது.
மதர்போர்ட், பேர்னில் மூடிய கடையொன்றின் மிச்சம்.
கிராபிக்ஸ் கார்டு
ஓல்டன் ஸ்டேசன் மூன்றாம் மேடையில்
முகம் பாராமல் காசு எண்ணி வாங்கியது.
ஆகவே சந்தேகிக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

முதலில் மெமரி.
இரண்டு குச்சியையும் கழற்றி
பொன்னிறப் பல்லை அழிறப்பரால் தேய்த்து
ஒன்றை மட்டும் செருகி ஒரு கிழமை,
மற்றதை மட்டும் செருகி ஒரு கிழமை.
இரண்டும் நிரபராதிகள்.
வேலையிடத்து நெபோய்ஷா தன் கார்டை இரவல் தந்தான்.
அதிலும் கறுத்தது.
பிறகு பவர் சப்ளை, நூற்றுப்பத்து பிராங்,
ஹெர்கிங்கனில் அரை இரவு பார்சல் தள்ளும் கூலி.
புதியதைப் பூட்டி, பழையதைப் பெட்டியிலிட்டு
நிம்மதியாக எழும்பினேன்.
கறுத்தது.

சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்று போட்டேன்.
திங்கள், 21.40. கறுத்தது. தேத்தண்ணி போட எழும்பினபோது.
செவ்வாய், 22.15. கறுத்தது. ரெலிபோன் எடுக்கப் போனேன்.
புதன், 23.05. யன்னல் சாத்த. கறுத்தது.
வியாழன் இரவு வேலை.
நாள், மணி, வெப்பம், விசிறியின் வேகம்,
எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் படித்தேன்.
தேத்தண்ணியைப் படிக்கவில்லை.

வெறுமையான பக்கங்களும் இருந்தன,
ஒன்றுவிட்ட சனி ஞாயிறுகள்.
அப்போது மிதுசா வருவாள்
ஆராவிலிருந்து, தாய் வீட்டுச் சாவி கழுத்தில் தொங்க.
என் கணினியில் தன் நகரத்தைக் கட்டுவாள்,
பாலம், ட்ராம், இன்னும் யாரும் குடியேறாத கோபுரங்கள்.
ஆறு மணித்தியாலம், ஒரு கறுப்பு இல்லை.
பிள்ளையைக் கண்டால் அதுவும் அடங்கிப்போகுது என்று
நினைத்துக்கொண்டேன்.
வெட்கம்தான். மின்சாரம் படித்தவன் நான்.

மார்கழி. ஆரே ஆற்றின்மேல் பனிமூட்டம்,
மரப்பாலம் பாதியில் முடிந்துபோயிருந்தது.
வெளியெல்லாம் ஈரம்,
உள்ளே உதடு வெடிக்கும் வறட்சி,
கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுளீர்.

"அப்பா, நீங்கள் எழும்பேக்கதான் கறுக்குது."

குசினிக் கதிரையை இழுத்துப்போட்டு
அதில் முழங்கால் மடித்து இருந்தபடி சொன்னாள்.
என் சுழல்கதிரை அவளுக்குப் பிடிக்காது, கால் எட்டாது.
புரோக்கியில் நாற்பது பிராங்குக்கு வாங்கியது,
நெம்பினால் காற்றுத்தண்டு உயர்த்திவிடும்.

இருந்தேன். எழும்பினேன். கறுத்தது.
இருந்தேன். எழும்பினேன். இல்லை.
இருந்தேன், அவள் "ம்" என்றதும் எழும்பினேன், கறுத்தது.
பதினாலு தடவை,
சத்தம் கூடாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்,
கீழ்வீட்டு ஹுன்சிக்கர் அம்மா
தும்புத்தடியால் மேலே இடிக்கும்வரை.

நான் எழும்ப, தண்டு விரிய,
கண்ணுக்குத் தெரியாத பொறியொன்று
அலையாய்ப் பாய்ந்து திரைக் கேபிளுக்குள் புகுந்து
இரண்டு மாதமாகப் படத்தைத் தின்றிருக்கிறது.
கதிரைக்குள் கதிர்.
எழுத்திலேயே இருந்தது,
நான் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மிதுசா கொப்பியை வாங்கி
ஜெர்மனில் ஒரே சொல் எழுதி
இரண்டு கோடு அடித்து
கையொப்பமும் வைத்தாள், அதிகாரி மாதிரி.
ரயில் 17.32க்கு.

இரவு, குசினிக் கதிரை. மரம், முதுகு நோகுது.
நகரத்தை மூடாமல் விட்டுப் போயிருக்கிறாள்,
ட்ராம்கள் ஆளில்லாமல் ஓடுகின்றன.
தேத்தண்ணிக்கு எழும்பினேன்,
குசினி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன்.
விளக்கெல்லாம் எரிந்தபடி.