இரண்டு மணி

ஏழரைக்கு ஒரு மணி அடிப்பேன்,
எட்டு பத்துக்கு இன்னொன்று.
முதலாவதற்குக் கிழக்கு வாசல் திறக்கும்,
அடுத்ததற்கு மேற்கு.
ஹெர்செகோவினாவின் மலைக்காற்று
இரண்டிலும் ஒன்றாகத்தான் அறையும்.

ஒரே கூரை. நடுவில் ப்ளைவுட் தடுப்பு.
இரண்டு தலைமையாசிரியர்கள், இரண்டு வரலாறுகள்,
ரொட்டிக்கு இரண்டு சொற்கள்:
அங்கே க்ரூஹ், இங்கே ஹ்லியெப்.
கொதிகலன் மட்டும் ஒன்று.
அதற்கு நான் ஒருத்தி, நெவென்கா.

கணக்கெடுக்க வந்த பையன்
நீங்கள் எந்த மக்கள் என்று கேட்டான்.
அப்பா ஆற்றுக்கு அக்கரையில் சிலுவைகளுக்கிடையே,
அம்மா இக்கரையில்
ஒல்லியான வெள்ளைக் கல்லுக்குக் கீழே.
'மற்றவர்' என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது.
பேனா அங்கே போய் நின்றது.
குழாய் சூடாக இருக்கும்வரை
இந்தப் பள்ளியில் யாரும் என்னை
எதுவும் கேட்டதில்லை.

பிப்ரவரியில் குழாய் வெடித்தது,
தடுப்புக்கு நேர் கீழே,
இடம் பார்த்து வைத்ததைப்போல.
துரு நிறத்தில் வெந்நீர்
இரண்டு நடைகளிலும் பரவியது.
க்ரெஷிமிர் அந்தப் பக்கம், ஷெஃபிகா இந்தப் பக்கம்
நெவென்கா! என்று கத்தினார்கள்,
அவரவர் மொழியில்.

வழுக்கும் என்று பலகை வைக்க வேண்டுமாம்.
ஸ்க்லிஸ்கோ என்பார் அவர்.
க்லிஸாவோ என்பார் இவர்.
தலையில் ஓர் எழுத்துக் கூடுதல்,
வால் கொஞ்சம் வேறு.
எது மேலே எது கீழே என்று
கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது
ஒரு பையன் வழுக்கினான்.

கையில் சுற்றியிருந்த மாலை அறுந்தது.
மணிகள் தண்ணீரோடு ஓடி
பாதிக்கு மேல் தடுப்பின் அடியில் நுழைந்துவிட்டன.
அவன் குப்புறப் படுத்து
இடுக்கில் கையை விட்டான்.
அந்தப் பக்கத்திலிருந்து
மை படிந்த ஒரு சின்ன விரல்
ஒவ்வொன்றாகத் தள்ளியது.
நான் துடைப்பத்தோடு அசையாமல் நின்றேன்.
ஏழாவதோ எட்டாவதோ வரும்போது
ஒரு பெரியவர் குரல்: யாருடையது அது?
விரல் போய்விட்டது.
பையனும் ஓடிவிட்டான்,
முழங்காலில் ரத்தத்தோடு,
எந்த வாசல் வழியாக என்று
நான் யாருக்கும் சொல்லவில்லை.

பெருக்கியதில் கிடைத்தவை நாற்பத்தொன்று.
அம்மாவின் மாலையில் முப்பத்து மூன்று.
அப்பாவின் மாலையில் ஐம்பத்தொன்பது.
இரண்டு பேரின் கடவுளுக்கும் கணக்கு உதைக்கிறது.
பிஸ்கட் டின்னில் போட்டு
கொதிகலன்மேல் வைத்தேன்.
இரவில் அனல் ஏறும்போது
லேசாகக் கலகலக்கும்.

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது:
தடுப்பின் அடி இடுக்கைச் சிமெண்ட் வைத்து அடைக்கவும்.
பதினாறு வருடத்தில் முதல்முறையாக
ஒரே தாளில் இரண்டு கையெழுத்து.
ஒரே பேனாவாகக்கூட இருக்கலாம்,
மை அப்படித்தான் தெரிந்தது.

மண்டியிட்டுப் பூசி முடித்தேன்.
காய இரண்டு நாளாகும்.
அதுவரை மிதிக்காதீர்கள் என்று
எழுதி வைக்க வேண்டும்.
எந்தச் சொல்லில் என்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.