விடியல்: ஒரு விளக்கம்

இவாலோ. டிசம்பர் பத்து. மதியம் இரண்டு மணி.
நூலகத்தின் பின்னறையில் ஐந்து பேர்,
ஒரு மேசை, நூற்றுச் சொச்சம் காட்டேரி அட்டைகள்,
ஹீட்டர்மேல் காயும் கையுறைகள்.
நான் நடுவர்.
மற்ற நாளில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவள்.
சட்டப் புத்தகத்தின் நான்காம் பதிப்பை
என்னைத் தவிர யாரும் முழுசாகப் படித்ததில்லை.
அதனால் மட்டும் கிடைத்த பதவி.

முதல் வழக்கு பென்ட்டியுடையது.
கண்ணாடி மணிகள் வந்த பார்சல் வழியில் மாட்டிக்கொண்டதால்
உறையவைத்த சிவப்புப் பழங்களைத்தான்
ரத்தச் சொட்டுகளாக வைத்திருந்தோம்.
யோசித்துக்கொண்டே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.
அவருடைய கிழக் காட்டேரிக்கு ஒரு சொட்டுக் குறைந்ததா?
இல்லை என்றேன்.
பழம் பழம்தான். எண்ணிக்கைதான் ரத்தம்.
வேறொன்று எடுத்து வையுங்கள்,
அதையாவது தின்னாதீர்கள்.

சொட்டே இல்லாத காட்டேரி செத்ததா என்று கேட்டான் ஊர்ஹோ.
சாகவில்லை. பசித்திருக்கிறது, அவ்வளவுதான்.
பக்கம் பதினொன்று:
சொட்டு உள்ளது வேட்டைக்குப் போகலாம்,
இல்லாதது போக வேண்டும்.
'லாம்' வேறு, 'வேண்டும்' வேறு.
இந்த ஆட்டத்தில் பாதிச் சண்டை
இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இடப்பக்கம் இருப்பவர் உன் இரை.
வலப்பக்கம் இருப்பவருக்கு நீ.
எதிரே இருப்பவரோடு சிரித்துப் பேசலாம்,
நடுவில் இன்னொருவர் உயிரோடு இருக்கும்வரை.

ஏரிகா கையைத் தூக்கியபோது மணி நான்கு.
குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
"விடியும்வரை உன்னைத் தொட மாட்டேன் என்றான்.
அதை நம்பித்தான் என் காவல்காரனை
அந்தப் பக்கம் அனுப்பினேன்.
இப்போது கடிக்கிறான்."
நீல்லாஸ் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்
"விடிந்துவிட்டதே" என்றான்.

பக்கம் மூன்று அவனுக்குச் சாதகம்.
விடியல் என்பது ஒரு சுற்றின் முடிவு,
சாய்த்த அட்டைகளை நிமிர்த்தி வைக்கும் நேரம்.
அன்று அதுவரை எங்களுக்கு ஆறு முறை விடிந்திருந்தது.

"சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தான்" என்றாள் ஏரிகா.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம்.
கறுத்த கண்ணாடியில் ஐந்து முகமும் என் முகமும்,
அதற்குப் பின்னால் நீலமும் போய்விட்ட பனி.
இங்கே சூரியன் விழுந்து ஒரு வாரம்.
மறுபடி எட்டிப்பார்க்க இன்னும் முப்பத்தொரு நாள்.

தெரிந்திருந்தும் புத்தகத்தைப் புரட்டினேன்.
வாக்கு என்ற சொல் அதில் ஒரே இடத்தில் வருகிறது:
'ஆட்டக்காரர் தரும் வாக்கு எவரையும் கட்டாது.
நடுவர் தலையிடக் கூடாது.'
படித்துக் காட்டினேன்.
கடி செல்லும் என்றேன்.
வேறென்ன சொல்ல?
ஜன்னலைப் பார்த்ததற்குப் பக்க எண் கிடையாது.

கடைசி நான்கு பழங்களை அவன் பக்கம் தள்ளினாள்.
அட்டைகளை ஒரே அளவாகத் தட்டி
அவசரமில்லாமல் உறையில் போட்டாள்.
கையுறை காயவில்லை. ஈரத்தோடே மாட்டிக்கொண்டு போனாள்.
நீல்லாஸ் ஜெயித்தான்.
ஜெயித்த பழங்கள் மேசைவிரிப்பில் உருகிக்கொண்டிருந்தன.
பென்ட்டி ஒவ்வொன்றாகத் தின்றார்.

ஜனவரி பத்து, பன்னிரண்டே கால்.
விமான நிலையச் சாலையில் லாரியை ஓரம் கட்டினேன்.
தெற்கே குன்றின் மேல்
வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவு சூரியன்.
போன் அதிர்ந்தது. ஏரிகா.
பெட்ரோல் பங்க் கூரை, அதன்மேல் அதே நகத்துண்டு, ஒரு படம்.
நீல்லாஸுக்கும் எனக்கும் சேர்த்து அனுப்பியிருந்தாள்.
கீழே ஒரே வரி:
"இன்றிலிருந்து கடிக்கலாம்."

வேண்டும் என்று எழுதவில்லை. கவனித்தேன்.

அவன் ஏதோ எழுதுகிறான் என்று மூன்று புள்ளிகள்
எழுந்தன, அடங்கின, எழுந்தன.
அதற்குள் சூரியன் போய்விட்டது.
பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது.
லாரியின் தகட்டை இறக்கினேன்.