வாடகைப் பியானோவின் காந்தாரம்

ராட்டர்டாமில், மாஸ் ஆற்றின் தென்கரையில்,
முன்பு காப்பிக்கொட்டை மூட்டைகள் அடுக்கிய கிடங்கில்
ஐந்து பேர் மூன்று வாரமாய்
ஒரு ஸ்வரத்துக்காகச் சண்டை போடுகிறார்கள்.

அலெப்போவிலிருந்து வந்த நுஹாத்
மடியில் கானூனை வைத்திருக்கிறாள்.
தந்திக்குத் தந்தி நகக்கண் அளவில் பித்தளைத் தாழ்கள்.
ஒன்றைத் தட்டினால் ஸ்வரம் மயிரிழை இறங்கும்,
இன்னொன்றைத் தட்டினால் ஏறும்.
பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே
இடக்கை, பூட்டுத் திறக்கும் திருடனைப்போல்
தாழ்களுக்குள் போய்வரும்.

ஃபெம்கேவின் செல்லோவுக்குக் கவலையே இல்லை.
அதன் கழுத்தில் மெட்டுகள் கிடையாது,
விரல் விழுந்த இடமெல்லாம் வீடு.
தாளத்துக்கு ஜெல்சன்.
அவன் அப்பா கேப் வெர்டேயிலிருந்து
கப்பல் கழுவ வந்தவர், கப்பல் போனபின்னும் இருந்தவர்.
மடிக்கணினியில் டியெம்
துறைமுகத்துப் பளுதூக்கிகளின் முனகலைப் பிடித்துவந்து
சுருதிப்பெட்டிபோல ஓடவிடுகிறான்.

மாட்டிக்கொண்டவர் லோடெவெய்க்.
பியானோவில் வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு,
கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை.
நடுவில் நிற்க இடமில்லை.

நம் கணக்கில் சொன்னால்
சாதாரண காந்தாரத்துக்கு மேலே,
அந்தர காந்தாரத்துக்குக் கீழே,
பெயர் வைக்காமல் நாம் கடந்துபோகிற இடம்.
நுஹாத் கேட்பது அதை.
பாடிக் காட்டுவாள்.
பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை அமுக்குவாள்,
மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல்.

லோடெவெய்க் இரண்டு கட்டையையும் சேர்த்து அடித்தார்.
வந்தது காந்தாரமில்லை, தகராறு.
அந்த இடத்தில் நான் கையை எடுத்துவிடுகிறேனே என்றார்.
"பல் விழுந்த வாயோடு சிரிக்கவா?" என்றாள் நுஹாத்.
மின் விசைப்பலகையென்றால் ஒரு நொடி வேலை என்றான் டியெம்.
அன்று முழுக்க யாரும் அவனோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஹெஸ்டர் வந்தாள், சுருதி சேர்ப்பவள்.
பையில் சாவி, கம்பளிப் பட்டை, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி.
விஷயத்தைக் கேட்டவள்
பியானோவின் மூடியைத் திறக்காமல்
வாடகைப் பத்திரத்தைத் திறந்தாள்.
ஏழாம் பிரிவு: சுருதியை மாற்றக் கூடாது.
ரொட்டியைப் பாதி தின்றாள்.
"எட்டாம் பிரிவு இருக்கிறதா?"
இல்லை.
"அப்படியானால் திங்கட்கிழமைக்குள் ஏற்றிவிடலாம்."

ஒரு கட்டைக்கு மூன்று தந்தி.
இரண்டின் வாயைக் கம்பளியால் அடைத்து
ஒன்றை மட்டும் இறக்கினாள்.
அடைப்பை எடுத்து மூன்றையும் ஒலித்தபோது
குளிரில் தாடை அடித்துக்கொள்வதுபோல் ஒரு நடுக்கம்.
இப்படியே விட்டுவிடுங்கள் என்றான் ஜெல்சன்,
அவனுக்கு அதில் ஒரு தாளம் கேட்டுவிட்டது.
நுஹாத் பதில் சொல்லவில்லை.
இரண்டாம் தந்தி.
மூன்றாம் தந்தி.
நடுக்கம் நின்றது.
நுஹாத் கானூனில் அதே இடத்தைத் தொட்டாள்.

நரம்பு என்று நம் பழைய மொழி
தந்தியையும் சொல்லும், ஸ்வரத்தையும் சொல்லும்,
தோலுக்கடியில் ஓடுவதையும் சொல்லும்.
டச்சில் அதற்கெல்லாம் வேறு வேறு வார்த்தை.
ஃபெம்கே மட்டும் புறங்கையைச் சொறிந்துகொண்டாள்.

சனிக்கிழமை மழை. நூற்று நாற்பது நாற்காலி,
அதில் பாதி ஈரக்குடைகளுக்கு.
எல்லாம் முடிந்து, இன்னொன்று என்று கை தட்டியபோது
லோடெவெய்க் மறந்துபோய்
சின்ன வயதில் படித்த ஒரு வால்ட்ஸை ஆரம்பித்தார்.
மூன்றாவது அடியிலேயே அந்தக் கட்டை
படியில்லாத இடத்தில் கால் வைத்ததுபோல் இறங்கியது.
அவர் முகம் வெளுத்தது.
திட்டமிட்டது என்று நினைத்துச் சபை எழுந்து நின்றது.
நுஹாத் சிரிப்பை அடக்கக் கானூனின்மேல் குனிந்தாள்.

இரவோடிரவாக ஹெஸ்டர் ஏற்றிவைத்தாள்.
ஆனால் இறங்கிப் பழகிய கம்பி
ஏற்றிய இடத்தில் சட்டென்று நிற்பதில்லை.

திங்கட்கிழமை ஸ்கீடாமிலிருந்து, இசைப்பள்ளியிலிருந்து தொலைபேசி:
பியானோ வந்துவிட்டது, ஆனால் ஒரு கட்டை
கொஞ்சம் நொண்டுகிறது,
பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள்.

வருகிறேன் என்றாள் ஹெஸ்டர்.
முதல் டிராம் வந்தது. கதவு திறந்து மூடியது.
அவள் ரொட்டியின் மற்றப் பாதியை எடுத்தாள்.