இல்லாத பிரேக்

என் வலது கால் மிதிக்கிறது.
அதற்குக் கீழே பிரேக் இல்லை,
ரப்பர் கழன்ற ஃபுட்ரெஸ்ட்தான்.
ஓட்டுவது முப்புடாதி.
எங்களுக்கு நடுவில் ஒரு மூட்டை பிச்சி,
இரண்டு பக்கமும் அரளி.
புளியரையில் டீ குடித்தபோது மணி மூன்றரை.

பதினோரு வருடம் ஹேண்டில்பாரைப் பிடித்தவன் நான்.
எதிர்லாரி வெளிச்சத்தின் ஆட்டத்தை வைத்தே
டிரைவர் தூங்குகிறானா என்று சொல்லிவிடுவேன்.
தூறலில் இரண்டு கையையும் விட்டு
பீடி பற்றவைத்திருக்கிறேன்.
"பயந்தவன்தாம்ல விழுவான்" என்று
பூக்கடைப் பையன்களிடம் சிரித்திருக்கிறேன்.

விழுந்தபோது நான் பயப்படவே இல்லை.
எஸ் வளைவில் டிப்பர் சிந்திப்போன எம்-சாண்ட்,
ஒரு கைப்பிடி இருக்குமா?
வண்டி என்னை விட்டுத் தனியாகப் போனது,
வீட்டுக்கு வழி தெரிந்த மாடு மாதிரி.
தாரில் மல்லாந்து கிடந்தேன்.
மேலெல்லாம் பூ.
முதலில் ஓடி வந்தவன்
கொஞ்சம் தள்ளியே நின்று
கும்பிட்டான்.

இப்போது காலுக்குள் ஒரு தகடு, எட்டு ஆணி.
அந்தக் கால்தான் மிதிக்கிறது.

அவள் பயப்படுகிறவள்.
மறைக்கவும் மாட்டாள்.
கருப்பசாமிக்குச் சூடம் கொளுத்துவாள்,
அதற்கப்புறமும் வளைவுக்கு வளைவு ஹாரன்.
மூடுபனி இறங்கினால் ஓரங்கட்டி
எஞ்சினை அணைத்துவிடுவாள்.
நிற்கிற ஒவ்வொரு கால் மணிக்கும்
புனலூரில் கிலோவுக்கு இருபது ரூபாய் இறங்கும்.
கணக்குச் சொன்னேன் ஒருநாள்.
"சரி, உன் கால் என்ன விலை ஆச்சு?"
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
வட்டி தனி.

கோட்டைவாசல் வரைக்கும் ஹெல்மெட்
டேங்க் மேல்தான் கிடக்கும், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு.
சோதனைச்சாவடி விளக்கு தெரிந்ததும்
வரிசையாக நிறுத்தி மாட்டிக்கொள்வார்கள்,
கோயிலுக்குள் நுழையும்முன் செருப்பைக் கழற்றுவதுபோல.
சாவுக்கு இல்லாத மரியாதை
ஐந்நூறு ரூபாய்க்கு உண்டு.
நானும் அப்படி மாட்டியவன்தான்.
இவள் வீட்டு வாசலிலேயே மாட்டுகிறாள்.
எனக்கும் மாட்டி நாடாவை இழுத்துப் பார்க்கிறாள்,
தொட்டில் கயிற்றை இழுத்துப் பார்ப்பதுபோல.

போன ஞாயிறு திரும்பும்போது
ஆரியங்காவில் கொச்சிப் பையன்கள் நாலு பேர்.
முட்டிக்குக் கவசம், முதுகுக்குக் கவசம்,
தலைக்கு மேல் கேமரா.
ஒருவன் காலி மூட்டைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"சேச்சிக்குப் பேடியில்லே?"
"இருக்கு" என்றாள்.
அவன் இன்னும் ஏதோ வரும் என்று
சிரித்த முகமாகவே காத்திருந்தான்.
அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று கழுதுருட்டிக்கு முன்னால் ஒரு டிப்பர்,
தார்ப்பாய் கிழிந்து,
மணல் கோடாக விழுந்துகொண்டே போகிறது.
முப்புடாதி பின்வாங்குவாள் என்று நினைத்தேன்.
பின்வாங்கத்தான் செய்தாள்,
ரொம்பத் தள்ளி, மூன்று வளைவு.
பதிமூணுகண் பாலத்துக்குப் பக்கம்
சாலை நேரானதும்
கியரைக் குறைத்தாள்.
அவள் மூச்சு இழுத்தது
மூட்டையைத் தாண்டி என் நெஞ்சில் இடித்தது.
ஏறினாள்.
டிப்பரின் சக்கரம், என் உயரம்,
காதுக்குப் பக்கத்தில் சுற்றியது.
சில்லென்று மணல் கழுத்தில் விழுந்தது.
கண்ணை மூடிக்கொண்டேன்,
பதினோரு வருடம் ஓட்டியவன்.

தாண்டியபின் திரும்பாமலே சொன்னாள்:
"பின்னால நிக்கத்தான் எனக்குப் பயம்."
கொஞ்ச தூரம் போய்,
"காலை எடு.
நீ மிதிக்க மிதிக்க வண்டி வலப்பக்கம் இழுக்குது."

தூக்கி வைத்துக்கொண்டேன்,
ஃபுட்ரெஸ்டுக்கு இரண்டு விரற்கடை மேலே.
தென்மலை இறக்கத்தில்
எப்போது மறுபடி இறங்கியதோ,
ஆணி வலித்தபோதுதான் பார்த்தேன்.