நூற்றுப் பதினான்காம் பக்கத்துக் காற்று

நீலாங்கரை வீடு.
கடல் தெரியும் கூடத்தில்
வெள்ளைத் திரை விம்மி நிற்கிறதே,
அந்தக் காற்று நான்தான்.

சோபாவுக்குப் பின்னால் மண்டியிட்டு
காலண்டர் அட்டையால் விசிறினேன்.
"இன்னும் கொஞ்சம் மெதுவாண்ணா" என்றாள்
படமெடுக்கும் பெண்.
பதினேழாவது தடவையில்
காற்று சரியாக வந்தது.

கிண்ணத்து எலுமிச்சைகள்
கோயம்பேட்டில் நான் பேரம் பேசியவை.
மூலையில் நிற்கும் பெரிய இலைச் செடி
கொளத்தூர் நர்சரியில் ஒருநாள் வாடகை,
தொட்டிக்கு அட்வான்ஸ் தனி.
வீட்டுக்காரர்களை மாலைவரை
ஓட்டலுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இதழ் வந்ததும் ஃபிலோமினாவிடம் காட்டினேன்.
அவள் திரையைப் பார்க்கவில்லை.
"இவ்ளோ பெரிய வீட்டுல
துவைச்ச துணிய எங்க காயப்போடுவாங்க?"

நேற்றிரவு எர்ணாவூரில் கரண்ட் போனது.
குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு.
இருட்டில் கைக்கு அகப்பட்டது அந்த இதழ்தான்.
வழவழப்பான தாள், நல்ல கனம்,
விசிற லாயக்கில்லை.
மெதுவாக, இன்னும் கொஞ்சம் மெதுவாக என்று
எனக்கே சொல்லிக்கொண்டு விசிறினேன்.

மூன்று மணிக்கு விளக்கு எரிந்தபோது
கடல் தெரியும் கூடம்
என் கை வேர்வையில் சுருண்டு கிடந்தது.
அவள் தூங்கியிருந்தாள்.