முள்ளந்தண்டு

பலகையில் அதன் பெயர் ‘வானவில் விரைவு’.
அரியாலையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.
முள்ளந்தண்டு என்றார்கள்.
இறங்கியதும் எல்லோரும்
முதலில் தொட்டுப் பார்த்தது அதைத்தான்.

மலேசியாவில் பதினெட்டு வருடம் ஓடிக் களைத்து
கொள்கலனில் வந்திறங்கிய றோலர் கோஸ்டர்.
மிச்சத்தைக் கடனீரேரியின் உப்புக்காற்று பார்த்துக்கொண்டது.
ஏழாவது வளைவில் பல்லும் பல்லும் மோதும்.
“பல்வைத்தியர் எங்களுக்குக் கொமிஷன் தரவேணும்”
என்பான் டிக்கற் கிழிக்கும் றெஜினோல்ட்.
நான் பிறேக் பிடிப்பவள்.
பதினொரு வருடம், ஒரே கம்பி, ஒரே உள்ளங்கை.
பெட்டிகள் ஆறாவது வளைவைத் தாண்டும்போதே
எந்தச் சில்லு முனகுகிறதென்று கை சொல்லிவிடும்.

கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர்
சுத்தியலால் நாலு இடத்தில் தட்டினார்.
ஐந்தாவது இடத்தில் தட்டாமலே எழுதினார்:
ஓய்வு கொடுக்கப்படவேண்டும்.
ஓய்வாம்.
அதற்குச் சேமலாப நிதி யார் கட்டினது என்று கேட்டேன்.
எனக்கே கட்டவில்லை.

கூட்டம் வைத்தார்கள்.
புதுத் தண்டவாளம் போட்டு நீலப் பெயின்ற் அடித்தால்
பழைய பெயரிலேயே ஓடலாம் என்றார் முதலாளி.
ஓடவேண்டாம், சும்மா நிற்கட்டும், கீழே ஒரு கூல்பார்,
சனம் வந்து படம் எடுக்கும் என்றான் மகன்.
பாசையூர்ச் சங்கத்து மரியநேசன் பெட்டிகளைக் கேட்டார்:
முந்திப் பஸ்களை இறக்கினமாதிரி கடலுக்குள் இறக்கினால்
மீன் குடியிருக்கும், இழுவைமடி கிழியும்.
“மீனுக்கு நாரி நோகாதோ?” என்றான் றெஜினோல்ட்.
அவர் சிரிக்கவில்லை.

தண்டவாளத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
இந்த ஊரில் முன்னொருமுறை தண்டவாளம் கழன்றபோது
அது எங்கே போய்ப் படுத்தது,
யார் யாருடைய தலைக்கு மேல் என்று
அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.
அதன் கீழே நானும் இருந்திருக்கிறேன்,
முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.

என் முறை வந்தது.
எழுதிக்கொண்டு போனது சம்பள பாக்கி பற்றி.
வாயில் வந்தது இது:
“ஏத்தின இடத்திலையே எல்லாரையும் கொண்டுவந்து இறக்கின
வாகனம் வேறை ஏதும் உங்களுக்குத் தெரியுமோ?”

ஒருவர் செருமினார்.
தேத்தண்ணி வந்தது.
அதற்குப் பிறகு முடிவு வந்தது:
பெட்டிகள் கடலுக்கு, மற்றதெல்லாம் கிலோக் கணக்குக்கு.

திங்கள் காலை நியாஸ்தீன் வந்தார்.
தராசு, காஸ் சிலிண்டர், இரண்டு பொடியன்கள்.
ஏழாவது வளைவின் கீழே புல்லைச் செருக்கியபோது
பதினாலு செருப்புகள்.
ஒரு மூக்குக்கண்ணாடி, மேல்வரிசைப் பொய்ப்பல்,
யாரோ ஆசையாக வாங்கிய ஒற்றைச் சிமிக்கி.
“இதுக்கும் நிறை போடவோ?” என்றார்.
சிரித்துவிட்டு
செருப்புகளைச் சோடி பார்த்தேன்.
ஒன்றும் சேரவில்லை.

வெட்டத் தொடங்குமுன் அவர்
நாலாம் பெட்டியில் ஏறி இருந்தார்.
இந்த ஊரில் இத்தனை வருடம் இரும்பு வாங்கியும்
இதில் ஒருநாளும் ஏறினதில்லையாம்.
“தொண்ணூறிலை ஒரு லொறியிலை ஏறினது.
ஒன்பது வயசு. புத்தளத்திலை இறக்கிச்சு.
ஏறின இடத்துக்கு வர இருவது வருசம்.”
சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டார்.
“உந்தக் கம்பியைப் பூட்டிவிடுங்கோவன்.”

பூட்டினேன்.
இழுத்துப் பார்த்தேன், வழக்கப்படி இரண்டாம் முறையும்.
கரண்ட் வெட்டி மூன்று மாதம்.
ஆனாலும் போய் என் இடத்தில் நின்றேன்,
உள்ளங்கை கம்பியில்.
பொடியன்கள் காஸைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“விடட்டோ?”

இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி
கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்னார்:
“கொஞ்சம் பொறுங்கோ.”