ஒன்றும் ஏழும்

நண்டை நான் தொடுவதில்லை.
தொண்டியில் பதினோரு வருடமாக
நண்டுதான் சோறு போடுகிறது என்றாலும்
என் விரலில் ஒட்டுவது
பிரிண்டர் மை மட்டும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம்
வெள்ளைத் தொப்பியும் முழங்கால் வரை பூட்சுமாக
நாற்பது பெண்கள்
ஓடு உடைத்துச் சதை எடுக்கிறார்கள்.
இந்தப் பக்கம் நான்
பிறந்த கடல், பிடித்த படகு, வலையின் கண் அளவு
எல்லாம் எழுதி
செத்துப்போன நண்டுக்குப்
பாஸ்போர்ட் தயார் செய்கிறேன்.

கொச்சியில் ஒருவர் அதைக் கரைத்துப் பார்த்து
விஷமில்லை என்கிறார். பில் வருகிறது.
மும்பையில் ஒருவர்
கெட்டுப்போனால் என்று சொல்லி
கெடாத நாளிலேயே பிரீமியம் வாங்குகிறார்.
பேங்கில் நம்பிக்கையை விற்கிறார்கள்,
சதவீதக் கணக்கில்.
தூத்துக்குடியில் ஒருவர் கப்பலில் இடம் பிடிக்கிறார்
திருவிழா பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி.
கண்டெய்னருக்குள் எவ்வளவு குளிர் என்று
மணிக்கொரு தரம் சொல்ல
எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது,
அதற்கு மாதச் சந்தா.

நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பார்கள்.
எங்கள் நண்டு
டப்பாவில் ஏறிய பிறகுதான் கொழுக்கிறது,
காகிதம் தின்று தின்று.

ஐப்பசி மழையில்
ஏலக் கொட்டகைச் சீட்டு நனைந்து வந்தது.
படகு எண்ணின் கடைசியில் இருந்த ஒன்றை
ஏழு என்று படித்தேன்.

அவ்வளவுதான்.

முப்பத்திரண்டாம் நாள் ரோட்டர்டாமில்
கண்டெய்னரை ஓரங்கட்டிவிட்டார்கள்.
ஏழில் முடிகிற வத்தை
அந்த வாரம் டோக்கனே வாங்கவில்லையாம்.
நிற்கிற இடத்துக்கு நாள் வாடகை,
உள்ளே குளிருக்குத் தனி வாடகை,
திருத்தக் கட்டணம்,
திருத்தியது சரியா என்று பார்க்க இன்னொன்று.
மேனேஜர் ஜஸ்டின்
கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார்.
என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

மறுநாள் நம்புதாளையிலிருந்து வந்து நின்றார்
நம்புவேல். மீன்துறையில் கூப்பிட்டு மிரட்டியிருக்கிறார்கள்.
சேறு அப்பிய செருப்பு கையில்.

"ஏழுல முடியிற வத்த என்னுதுதான் தாயி.
எஞ்சின் போயி ரெண்டு வருசமாக் கரையில கெடக்கு.
உள்ள ஆடு குட்டி போட்டிருக்கு.
அது கடலுக்குப் போச்சாம்ல,
எனக்கே தெரியாம?"

மழை, சீட்டு, மை என்று
ஏதேதோ சொல்லத் தொடங்கினேன்.
"எத்தன கிலோ?" என்றார்.
நூற்று நாற்பது.
உதடு மட்டும் அசைந்தது, கணக்குப் போட்டார்.
"ஓடுன காலத்துலகூட
ஒருநாளும் அவ்வளவு பட்டதில்ல."

பிறகு கொஞ்சம் தயங்கி,
"படகுப் பங்குன்னு ஒண்ணு உண்டுல்ல.
என் நம்பரு சீமை வரைக்கும் போயி நின்னிருக்கு.
அதுக்கு வாடக கெடயாதா?"

ஜஸ்டின் சிரித்துவிட்டார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நண்டைத் தொடாத ஐந்து பேருக்கு
அன்று காலைதான் பணம் அனுப்பியிருந்தேன்,
என் சம்பளத்தைச் சேர்த்தால் ஆறு.
இவருக்கு எந்தத் தலைப்பில் எழுதுவது?
சோதனை, காப்பீடு, தரகு, வாடகை.
எதிலும் அவர் உட்காரவில்லை.

அவர் கையெழுத்துதான் வேண்டியிருந்தது,
என் படகு கடலுக்குப் போகவில்லை என்று.
அந்த ஒரு வரி போனால்தான்
அங்கே கதவு திறக்கும்.
முத்திரைத்தாள் நூறு,
நோட்டரிக்கு முந்நூறு,
அவருக்கு ஒரு டீ, உளுந்து வடை.
எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்துவிட்டு
நம்புவேல் என்று
கோணல்மாணலாக எழுதினார்,
மூன்று நகலிலும்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.
"தப்பா அடிச்ச காயிதம் இருக்குல்ல,
அதுல ஒண்ணு குடு தாயி."
எதுக்கு?
"வச்சுக்கிறேன். எம்மவன் நம்ப மாட்டான்."

ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்.
சாயங்காலம் பெட்டிக் கணக்கில் எழுதினேன்,
கடைசி வரியில்,
இதர.